பெற்றோரிடம் பேச எது வழி: ஆப்பா, வாட்ஸப்பா, கூட்டமா, போனா?

கொங்குப் பக்கம் ஒரு சிறிய கலை அறிவியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கணக்குக்காக 600 பிள்ளைகள், 30 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். அடுத்த கல்வியாண்டில் வீட்டாரோடு தொடர்பு வைத்துக்கொள்ள என்ன ஏற்பாடு செய்யலாம் என்று எங்கள் ஐகியூஏசி, அதாவது கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் உள்குழு, கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் ஆப் வாங்கலாம் என்றார், இன்னொருவர் வாட்ஸப் போதும் என்றார். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தை வருடத்துக்கு இரண்டாக்கலாம், டியூட்டர்கள் (ஆளுக்குச் சில பிள்ளைகள் என்று பொறுப்பேற்கும் ஆசிரியர்கள்) போன் செய்யலாம், மாதமொரு மடல் அச்சடிக்கலாம், துறைவாரியாக வீட்டாரை ஒருநாள் கல்லூரிக்கு அழைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. எல்லாவற்றையும் செய்ய ஆள் கிடையாது, பணமும் கிடையாது. ஒன்றிரண்டைத்தான் உருப்படியாகச் செய்ய முடியும். அதனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் அலசிப் பார்த்ததன் விளைவு இந்தக் கட்டுரை.

இப்போதைய நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின்போது அப்பாவோ அம்மாவோ வந்து ராகிங் தடுப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். யுஜிசியின் 2009 விதிமுறைப்படி பிள்ளை ஒன்று, பெற்றோர் ஒன்று என இரண்டு உறுதிமொழி வாங்க வேண்டும். அதற்கப்புறம் கல்லூரி அவர்களைத் தேடுவது மூன்று காரணத்துக்காகத்தான்: ஃபீஸ் பாக்கி, அரியர், வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனது. கல்லூரி நம்பரிலிருந்து போன் வந்தாலே ஏதோ விபரீதம் என்று வீடு நினைப்பதில் ஆச்சரியமில்லை. என்னைப் பொறுத்தவரை எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியின் பாதி இங்கேதான் இருக்கிறது. கெட்ட செய்திக்கு மட்டும் திறக்கிற கதவு எவ்வளவு நவீனமாக இருந்தாலும் யாரும் ஆசையாக வந்து தட்டப்போவதில்லை.

அப்புறம், எந்த வழிக்கும் முன்னால் நிற்கிற ஒரு சிக்கல் உண்டு. விண்ணப்பப் படிவத்தில் 'பெற்றோர் கைபேசி எண்' என்ற கட்டத்தில் இருப்பது பெற்றோரின் எண்ணா? பல சமயம் அது பிள்ளையின் இரண்டாவது சிம். சில சமயம் நெட் சென்டரில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த அண்ணனின் எண். உண்மையிலேயே அப்பாவின் எண்ணாக இருந்தாலும் ரீசார்ஜ் முடிந்து கிடக்கும், அல்லது வேறு கம்பெனி சிம்முக்கு மாறியிருப்பார். ஆப் விற்க வந்தவர் பெரிய திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டியபோது நான் கேட்ட ஒரே கேள்வி, எண் தப்பாக இருந்தால் உங்கள் ஆப் என்ன செய்யும் என்பதுதான். அதை நீங்கள்தான் சரி பண்ணிக்கொடுக்க வேண்டும் சார் என்றார். நியாயமான பதில்தான்.

ஆப்பும் எஸ்எம்எஸ்ஸும்

ஈஆர்பி ஆப் வைத்திருக்கும் கல்லூரிகளைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கும். வருகை, இன்டர்னல் மார்க், ஃபீஸ், எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் அது பெரிய பொறியியல் கல்லூரிக்குத் தைத்த சட்டை. அங்கே பெற்றோரில் பலர் லாகின் போட்டுப் பழகியவர்கள், விவரத்தை ஏற்ற தனி ஆளும் உண்டு. எங்களிடம் அந்த வேலை அலுவலகத்தில் இருக்கும் ஒரே டைப்பிஸ்ட் தலையில் விழும். தலைக்கு இவ்வளவு என்று வருடா வருடம் சந்தா வேறு. வீட்டிலோ ஒரு ஸ்மார்ட்போன்தான் இருக்கும், அதுவும் பிள்ளையின் கையில். ஓடிபி அந்தப் போனுக்கே போகும். கடைசியில் பிள்ளைகள் தங்கள் வருகைப் பதிவைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

எஸ்எம்எஸ் அதைவிடப் பரவாயில்லை, பட்டன் போனிலும் வரும். ஆனால் மொத்தமாக அனுப்ப வேண்டுமென்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி, மொத்தச் செய்தி அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் கல்லூரியைப் பதிவு செய்து, அனுப்புகிற பெயருக்கும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். 2021 முதல் இதில் கெடுபிடி. நினைத்த நேரத்தில் நினைத்ததை அனுப்ப முடியாது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் கிடைக்கும், தமிழில் 70 தான். புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'தங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை' என்பதற்கே 38 போய்விடுகிறது. பேர், வகுப்பு, கல்லூரிப் பேர் சேர்த்தால் இரண்டு செய்திக்கான காசு. அதனால் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பிள்ளையே வீட்டில் படித்துச் சொல்கிறது. என்னவென்று படித்துச் சொல்லும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இதில் இன்னொரு வில்லங்கம், முதல் ஹவர் முடிந்ததும் தானாகப் பறக்கும் ஆப்சென்ட் செய்தி. பஸ் லேட், பிள்ளை 9.50-க்கு வகுப்புக்குள் வருகிறாள். 9.45-க்கே வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. வீட்டிலிருந்து கிளம்பிய பெண் கல்லூரிக்குப் போகவில்லை என்று ஒரு அப்பாவிடம் சொன்னால் அவர் மனதில் என்னென்ன ஓடும்! மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார். கல்லூரி 'சாரி சார், சிஸ்டம் அப்படி' என்று சொல்லும். அந்தப் பெண் சாயங்காலம் வீட்டில் என்ன பாடு பட்டாள் என்று எந்த சிஸ்டமும் சொல்லாது.

ஆப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்கனவே இருந்தால் தேர்வு முடிவுக்கும் ஃபீஸ் ரசீதுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்க வேண்டாம். வாங்கியே ஆக வேண்டுமென்றால், பிள்ளைகளின் விவரங்களை அந்தக் கம்பெனி எங்கே வைக்கிறது, யாருக்குக் கொடுக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023-இன் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர்கள் குழந்தைகள். முதலாமாண்டில் பாதி வகுப்பு 17 வயதில்தான் வந்து உட்காருகிறது.

வாட்ஸப்

செலவில்லை, பழகிய சாமான். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் இதுவே தோன்றுகிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், எங்கள் கல்லூரி மொத்தமும் அடங்கிவிடும். அடங்கும் என்பதற்காக அடைக்கக் கூடாது. சாதாரணக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெற்றோர் எண் என்று தந்தது மாணவியின் எண்ணாகவும் இருக்கலாம் என்று மேலே சொன்னேனே, அப்படியானால் அறுநூறு வீடுகளுக்கு முன்னால் அவள் எண்ணைப் போட்டு வைத்ததாக ஆகும். அது போக காலை வணக்கம், ரோஜாப்பூ, கட்சிச் செய்தி, மனை விற்பனைக்கு. யாரோ ஒரு அப்பா கேன்டீனைப் பற்றிக் கோபமாக ஒரு வரி போட, நாற்பது பேர் அதற்குக் கட்டைவிரல் போட, பிரின்சிபாலின் அன்றைய தூக்கம் போச்சு.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் நல்ல யோசனை போலத் தெரியும். அதில் ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகாது. போகவில்லை என்பது நமக்குச் சட்டென்று தெரியவும் தெரியாது. கம்யூனிட்டி என்றொன்று 2022 கடைசியில் வந்தது. அதிலுள்ள அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும்தான் அறிவிப்புப் போடலாம், உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை ஒருவர் பார்க்க முடியாது. வாட்ஸப் என்று முடிவானால் இதுதான் சரி.

வாட்ஸப்பின் உண்மையான பலம் எழுத்தில் இல்லை, குரலில் இருக்கிறது. படிக்கத் தெரியாத அம்மா, எழுத்தைக் கண்டாலே ஒதுக்கிவைக்கிற அப்பா, இவர்களுக்கு ஒரு நிமிஷத் தமிழ் வாய்ஸ் மெசேஜ் போதும். 'செமஸ்டர் தேர்வு இந்தத் தேதியில் ஆரம்பிக்குது, அந்த வாரத்துல வீட்டு விசேஷம் எதையும் வச்சுக்காதீங்க' என்று அவர்களுக்குத் தெரிந்த பேச்சிலேயே சொல்லலாம். துபாயில் இருக்கும் அப்பாவுக்கும் இதுவே வசதி. அமீரகத்தில் வாட்ஸப் கால் போகாது, வாய்ஸ் மெசேஜ் போகும். இரவு அறைக்கு வந்து கேட்டுக்கொள்வார்.

சரி, ஆனால் இது அறிவிப்புப் பலகைதான். என் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்ற கேள்விக்கு அறுநூறு பேருக்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

கூட்டமும், துறைக்கு வரவழைப்பதும்

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் என்றால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பிரின்சிபால் உரை, சிறப்பு விருந்தினர் உரை, கல்லூரியின் சாதனைகள் பற்றிப் பவர்பாயின்ட். நடுவில் வருகைப் பதிவேடு வரிசை வரிசையாகப் போய்வரும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கப்படும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் அமைப்புக்கான ஃபைலுக்காக, எடுத்த இடம் பதிவாகும் ஜியோடேக் போட்டோ எடுக்கப்படும். போட்டோவில் நாற்காலி காலியாகத் தெரியாமலிருக்க முன்வரிசையில் என்எஸ்எஸ் பிள்ளைகள் உட்காருவார்கள். கடைசி இருபது நிமிஷம் பெற்றோர் கருத்து. அதற்குள் நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மைக் பிடித்துப் பேசுகிறவர் யாரென்றால், வழக்கமாகப் பேசுகிற அதே இரண்டு பேர்.

வருகிறவர்களை மதிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். நூறு நாள் வேலைக்கே 2025-26-இல் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது, தோட்ட வேலைக்கும் பனியன் கம்பெனிக்கும் அதைவிடக் கூடுதல். மகளிருக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட் இல்லாததால் அம்மாக்கள் வருவது கூடியிருக்கிறது. ஆனாலும் நாம் யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்கள் வருவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளையின் வீடு வரும், நாலு அரியர் வைத்த பிள்ளையின் வீடு வராது. வந்தால் எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

தேதி குறிப்பதும் ஒரு கலை. முகூர்த்த நாளில் வைத்தால் ஆள் வராது. கல்யாணமில்லாத ஆடி மாதம் நல்ல நேரம்தான், செமஸ்டர் தொடங்கிய சூடும் இருக்கும். ஆனால் மானாவாரி நிலம் உள்ளவர்களுக்கு ஆடிப்பட்டம், மாரியம்மன் கோவில் நோன்பி வேறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் பெற்றோருக்கு வசதி, ஆசிரியர்களின் முகம் சுருங்கும். ஈடு விடுமுறை கொடுத்துவிட்டு ஞாயிறு வைப்பதே மேல் என்பது என் கட்சி.

இதற்கு மாற்றாக வந்த யோசனை, ஹாலில் கூட்டம் போடாமல் ஒவ்வொரு துறையும் தன் பிள்ளைகளின் வீட்டாரைத் தனித்தனியாக ஒரு அரை நாள் அழைப்பது. உரை கிடையாது. பிள்ளைகளே தங்கள் வேலையைக் காட்டுவார்கள். எங்கள் வேதியியல் துறை இதைச் செய்து பார்த்தது. இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தன் அம்மாவை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு டைட்ரேஷன் செய்தாள். கண்ணாடிக் குடுவையில் நிறமில்லாத அமிலம், அதில் நிறம் காட்ட இரண்டு சொட்டு பினால்ஃப்தலீன். மேலே பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் ஒரே ஒரு சொட்டு, தண்ணீர் மாதிரி இருந்தது இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. அம்மா கேட்டார், 'ஒரு சொட்டுச் சேந்து உழுந்துருச்சுன்னா என்ன கண்ணு பண்ணுவ?' 'மறுக்கா மொதல்ல இருந்துதாம்மா.' அந்த அம்மா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஷேடு தவறினால் மொத்தத் துணியும் போச்சு என்று பக்கத்திலிருந்த எங்கள் பேராசிரியரிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஹாலில் மைக்கைக் கொடுத்திருந்தால் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்.

ஆய்வகம் உள்ள துறைக்கு இது சுலபம், பி.காம் என்ன செய்யும் என்று கேட்டார்கள். ஜிஎஸ்டி பில் போட்டுக் காட்டட்டும். தங்கள் ஊர் மளிகைக்கடை பில்லை வைத்துக்கொண்டு வரி எப்படிப் பிரிகிறது என்று பிள்ளை விளக்கினால் எந்த அப்பாவும் காது கொடுத்துக் கேட்பார். தமிழ்த் துறைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணிதத் துறைதான் கொஞ்சம் திணறும். இதன் குறை, ஒரு துறைக்கு வருடத்தில் ஒரு முறைக்கு மேல் முடியாது. வராத வீடு இதற்கும் வராமல் போகலாம், ஆனாலும் அம்பது பேர் கூடுகிற இடத்துக்கு வர அவ்வளவு கூச்சம் இருக்காது.

அச்சு மடல்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நாலு பக்கம் வண்ணத்தில் அச்சடித்துத் தபாலில் அனுப்பினால் பார்க்க அழகாக இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் தாளாளர் படம் இருக்கும். சாதாரணக் கவருக்கு 5 ரூபாய் தபால் தலை, அச்சுக் கூலி தனி. 50 பைசா அஞ்சலட்டை ஒன்றுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். கையால் எழுதினால் அறுநூறு வீட்டுக்கும் 300 ரூபாயில் முடியும். அதோடு தபால்காரர் வருகிற நேரத்தில் பிள்ளை கல்லூரியில் இருப்பதால் கடிதம் நேராகப் பெரியவர்கள் கைக்கே போகும். ஆனால் அட்டையை வழியில் எல்லாரும் படிக்கலாம், மார்க் எழுதக் கூடாது. வாழ்த்துக்கும் அழைப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

டியூட்டரின் போன்

ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபது வார்டுகள், அதாவது அவர் பொறுப்பில் இருபது பிள்ளைகள். செமஸ்டருக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு நிமிஷம் பேசினால் 140 நிமிஷம், அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. எடுக்காதவர், திரும்பக் கூப்பிடுகிறவர் என்று சேர்த்து நாலு மணி நேரம் என்றே வையுங்கள். ஒரு கருத்தரங்குக்கு பேனர் டிசைன் திருத்துவதில் இதைவிட அதிக நேரம் போகிறது. ஆகவே நேரமில்லை என்ற வாதம் நிற்காது. தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. சொந்த நம்பர் வெளியே போய்விடும், ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும், சிலர் எகிறுவார்கள். இவை நியாயமான பயம். கல்லூரி துறைக்கு ஒரு சிம் வாங்கிக்கொடுத்து ரீசார்ஜ் செய்தால் பாதி தீரும்.

முதல் போன் புகாராக இருக்கக் கூடாது. வகுப்பு தொடங்கி முதல் மாதத்துக்குள், எந்தக் குறையும் இல்லாதபோதே பேசிவிட வேண்டும். இரவு ஏழரைக்கு மேல், சமையல் முடிந்து டிவி ஓடுகிற நேரம் நல்லது. எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'என்னாச்சுங்க மிஸ் எம்புள்ளைக்கு?' 'ஒண்ணுமில்லீங்கம்மா, நல்லா இருக்குறா. நான் அவளோட டியூட்டர். சும்மா பேசலாம்னுதான் கூப்பிட்டேன்.' கொஞ்ச நேரம் மறுமுனையில் நம்பிக்கை வராது. அப்புறம் அவர்களுடைய கேள்விகள் வரும். புதுமைப் பெண் பணம் ஆயிரம் ரூபாய் இந்த மாதம் ஏறவில்லையே, பாஸ்புக்கில் ஆதார் சேர்க்கச் சொன்னார்கள் அது எங்கே, பஸ் பாஸ் எப்போது. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வனும்தான் பல வீடுகளில் கல்லூரியைப் பற்றிய மிக அவசரமான விஷயம். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த டியூட்டரை அவர்கள் மறக்க மாட்டார்கள். எண்ணும் தானாகச் சரியாகிவிடுகிறது. பிள்ளையின் சிம்மாக இருந்தால் முதல் போனிலேயே வெளிப்பட்டுவிடும்.

எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்பதில்தான் குழு அதிக நேரம் விவாதித்தது. அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடும். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவர் என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் கல்லூரி பெற்றோருக்குக் காட்டலாம். நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவந்தால் வீடு ஒத்துக்கொள்ளாது, ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் எல்லாவற்றையும் சொல்வதும் பாவம். வருகையும் மார்க்கும் சொல்லலாம், பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு. யாரோடு பேசுகிறாள், எந்த பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள் என்பது டியூட்டரின் வேலையில் சேராது. ஒரு பெண்ணைப் பற்றி அரைகுறையாகச் சொன்ன ஒரு வார்த்தையில் படிப்பு நின்று, அடுத்த தை மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வந்த கதைகள் எங்கள் பக்கத்தில் எல்லாக் கல்லூரிக்கும் தெரியும். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் வேறு பேச்சு. அப்போதும் டியூட்டர் தனியாக முடிவெடுக்காமல் துறைத் தலைவரோடு பேசிவிட்டுச் செய்ய வேண்டும்.

என் ஓட்டு எதற்கு

டியூட்டர் போனுக்கும் துறைவாரி அழைப்புக்கும் சேர்த்து. வாட்ஸப் கம்யூனிட்டி அறிவிப்புப் பலகையாக இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜுக்கு மேல் வேண்டாம். பெரிய கூட்டத்தை இரண்டாக்காமல் வருடத்துக்கு ஒன்றோடு நிறுத்தி, நாக் ஃபைலுக்கு அந்தப் போட்டோவே போதும் என்று விட்டுவிடலாம். தானியங்கி ஆப்சென்ட் செய்தி வேண்டவே வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் டியூட்டர் முதலில் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் வீட்டுக்குப் பேசட்டும்.

எங்களைப் போலில்லாமல் பாதிப் பிள்ளைகள் விடுதியில் இருக்கும் கல்லூரியாக இருந்தால் கணக்கு மாறும். அங்கே வார்டன்தான் வீட்டுக்குத் தெரிந்த முகம், போன் பேச வேண்டியதும் அவர்தான். 3,000 பேர் படிக்கிற இடத்தில் டியூட்டருக்கு அறுபது வார்டு இருக்கும், அங்கே ஆப் இல்லாமல் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழுவில் இன்னும் முடியாமல் இருப்பது ஒரே விஷயம். போன் பேசியதற்கு ஒரு படிவம் வேண்டும், அதில் பதினெட்டுக் கட்டம் இருக்க வேண்டும் என்று ஒருவர் வரைந்து கொண்டுவந்திருக்கிறார். தேதி, யாரிடம் பேசியது, அவர்கள் கேட்டது என்ன, அதற்கு என்ன செய்தோம் என நாலு கட்டம் போதும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டம் புதன்கிழமை.